‘கூடியிருக்கு’ என்று ஹலீம் சொன்ன பிறகு

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உள்ளுணர்வு, உந்துதல் என்று ஒன்றும் கிடையாது. கண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பகுதியில், நோயாளிக்குத் துணையாக வருகிறவர்களுக்கென்று போட்டிருக்கும் பிளாஸ்டிக் கதிரையில் மாதக்கணக்காக உட்கார்ந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கைத்தொலைபேசியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் நொந்தது. வேறு வழியில்லாமல் எழுத ஆரம்பித்தேன்.

நோயாளி என் நாத்தனார் ஜூலி, என் கணவர் டக்ளஸின் தங்கை. பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். புருஷன் செத்த பிறகு மகள் டிலானியோடு அம்பிட்டியவுக்கு வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறாள். டிலானிக்குக் கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை, நினைத்தபடி லீவு கிடைக்காது. டக்ளஸ் லொறியோடு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. நான் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். ஆகவே துணை என் தலையில் விழுந்தது.

[சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் ஜூலி சொன்னது. அவள் எப்படி இந்தக் கதைக்குள் வாய் வைத்தாள் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன். முதலாவது இதோ: “தலையில விழுந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. நானா வந்து விழுந்தேன்?”]

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். மூன்றையும் விட்டுவிட்டேன். எறிய மனம் வராததால் இங்கே வைக்கிறேன்.

(அ) கண்டியில் மழை பெய்துகொண்டிருந்தது. ஹந்தானை மலை முகிலுக்குள் மறைந்து

கண்டியில் எப்போதுதான் மழை பெய்யவில்லை? ஒரு கதையை மழையில் தொடங்கினால் அதைக் காயவைக்கவே பாதிப் பக்கம் போய்விடும்.

(ஆ) எலும்பின் உள்ளே, இருட்டில், ஓர் உயிர்க்கலம் விழித்துக்கொண்டது. எங்கோ தூரத்திலிருந்து ஒரு கட்டி அதைக் கூப்பிட்டது. குழாய் கட்ட வா, எனக்குச் சாப்பாடு வரவேண்டும் என்று

இதை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் வாசித்தபோது அந்தக் கலத்தின் மேல் எனக்குப் பாசம் வந்திருந்தது தெரிந்தது. அது நல்லதல்ல. அந்தக் கலம் வீரமாகப் பயணம் போக, ஜூலி அது போகிற ரோட்டாகிவிட்டாள்.

(இ) ஜூலி ஒரு பொறுமைசாலி. வலியைச் சிரிப்பால்

பொய். என் சோறு குழைந்துவிட்டதென்று போன ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தள்ளிவைத்தவள் அவள். வலி வந்தால் கத்துவாள். இரண்டாவது மருந்துக்குப் பிறகு, வாந்தி எடுத்துக்கொண்டே, பேசினைப் பிடித்திருந்த என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பச் சொன்னாள். நோயாளிகளைத் தெய்வமாக்குவது எழுதுகிறவர்களுக்கு வசதி. பக்கத்தில் இருந்து பேசின் பிடிக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

[“பேசின் கதை எல்லாம் எதுக்கு அண்ணி? யாராச்சும் படிச்சா என்ன நெனைப்பாங்க?”]

3

இனி நேராகச் சொல்கிறேன்.

ஜூலிக்கு இடது மார்பில் கட்டி. மருந்து ஏற்றி முதலில் கட்டியைச் சுருக்குவது, பிறகு வெட்டி எடுப்பது என்பது டொக்டர்மாரின் திட்டம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து. எல்லாத் தடவையும் முடிந்தால்தான் வெட்டலாம், நடுவில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இதோடு ஓர் ஆராய்ச்சியும் சேர்ந்துகொண்டது. நடத்துகிறவர் டொக்டர் நுஸ்ஹா. சின்ன வயதுக்காரர், மேற்படிப்புக்காகச் செய்கிறார். ஒவ்வொரு மருந்துக்கும் முன்னால், சிகிச்சைக்கென்று எடுக்கிற இரத்தத்தோடு இன்னொரு குழாய் இரத்தமும் எடுப்பார். புதிய இரத்தக்குழாய் கட்டுவதற்கென்று எலும்புக்குள் இருக்கும் மச்சையிலிருந்து புறப்படுகிற சில கலங்கள் இரத்தத்தில் அலைகின்றனவாம். அவற்றின் மேற்பரப்பில் சில அடையாளங்கள் உண்டு. அந்த அடையாளங்களில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்தால் யந்திரம் எண்ணித் தரும். மருந்து ஏற்ற ஏற்ற அந்தக் கலங்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று பார்க்கிறார்கள்.*

* பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பில் விஞ்ஞான டீச்சர் ‘கலம், கலம்’ என்று கத்திக்கொண்டிருப்பது சுவர் வழியாகக் கேட்கும். எனக்கு இந்த விஷயத்தில் உள்ள அறிவு அவ்வளவுதான்.

விருப்பமிருந்தால் மட்டும் சேரலாம், சேராவிட்டாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது, தனித்தனி ஆட்களுக்கு முடிவு சொல்ல மாட்டோம் என்று நுஸ்ஹா பொறுமையாக விளக்கினார். ஜூலி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். கடைசியாகச் சொன்னது எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை.

இரண்டாவது தடவை இரத்தம் எடுக்கும்போது ஜூலி கேட்டாள். போன தடவை என்ன நிறை?

நுஸ்ஹாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்று பழகியவளின் கேள்வி அது. காலையிலிருந்து பறித்த கொழுந்தைக் கூடையோடு தராசில் தொங்கவிட்டால், கணக்கப்பிள்ளை நிறையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிப்பதைக் கழித்துக்கொண்டாவது சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுதிக்கொண்டால் அங்கே ஒரு சண்டை நடக்கும். மழையில் நனைந்தபடி நின்றாலும் நிறையைக் காதால் கேட்காமல் ஒருத்தியும் நகரமாட்டாள். அந்த இடத்தில் நிறை கூடினால் நல்லது, குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம். கூடிய நிறைக்குக் கெட்ட அர்த்தம் எதுவும் அவர்கள் வாழ்க்கையில் இருந்ததில்லை.

[“கூடையோட இல்ல அண்ணி. எங்க காலத்துலயே சாக்கு வந்துருச்சு. நீங்க எந்தக் காலண்டர்ல பாத்து எழுதுனீங்க?”]

நிறை சொல்லும் வழக்கம் இங்கே இல்லை என்று நுஸ்ஹா சிரித்துக்கொண்டே சொன்னார். ஜூலி சிரிக்கவில்லை. இரத்தத்தை எடுத்துக்கொண்டு நிறை சொல்லாமல் அனுப்புகிற இடத்தை அவள் அன்றிலிருந்து நம்பவில்லை.

மூன்றாவது மருந்து அவளை உடைத்துப்போட்டது. வாயெல்லாம் புண். நகங்கள் கறுத்துவிட்டன. தண்ணீர்கூட இரும்புபோல ருசிக்கிறது என்றாள். பஸ்ஸில் அம்பிட்டிய ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

“போதும் அண்ணி. அடுத்ததுக்கு நான் வரல. என்னைய விட்டுருங்க.”

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். சோர்ந்துபோய்ச் சொன்னாள். டக்ளஸ் சத்தம் போட்டார். டிலானி அழுதாள். கோவிலிலிருந்து பாதர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மருந்து நாளன்று, மருந்து வேண்டாம் என்பதைத் தன் வாயாலேயே டொக்டரிடம் சொல்லிவிட்டு வருவதற்காகத்தான் என்னோடு வந்தாள்.

ஆராய்ச்சிக்கு இரத்தம் எடுப்பதற்கும் அவள் கை கொடுக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஹலீம் எங்களைத் தாண்டிப் போனார். ஜூலி அவரை மறித்தாள்.

“தம்பி, எங்கிட்ட ரத்தம் எடுத்துட்டே இருக்கீங்களே. நெற என்னன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

ஹலீம் தயங்கினார். சொல்லக்கூடாதென்று அவருக்குத் தெரியும். ஆனால் தலைமுடி போய், முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தியிடம் எத்தனை பேரால் இல்லை என்று சொல்ல முடியும்?

“கூடியிருக்கு அக்கா,” என்றார். “மொத தடவைய விடக் கூடியிருக்கு.”

ஜூலி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு என்னைப் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. உள்ளே போய் ஆராய்ச்சிக்கு ஒரு கையையும் மருந்துக்கு அதே கையையும் நீட்டினாள்.

4

அன்றைக்கு ஜூலிக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது நுஸ்ஹாவைத் தேடிப்போனேன். கூடினால் நல்லதா என்று கேட்டேன்.

யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். ஹலீமை அங்கேயே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசினார். ஹலீம் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா முகத்தைப் பார்த்து வாயில் வந்துவிட்டது என்றார். அவரைக் கெட்டவராக எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முடியவில்லை. அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

நுஸ்ஹா சொன்னதை எனக்கு விளங்கியமட்டில் சொல்கிறேன். கட்டி வளர இரத்தம் வேண்டும். இரத்தம் வரக் குழாய் வேண்டும். குழாய் கட்டுகிற கலங்கள் இரத்தத்தில் கூடினால் அது கட்டிக்கு வசதியாக இருக்கலாம். அப்படிப் பார்த்தால் கூடுவது நல்ல செய்தியல்ல. ஆனால் மருந்தின் அடி தாங்காமல் உடம்பே அந்தக் கலங்களை வெளியே அனுப்புவதும் உண்டு. மருந்துக்குப் பிறகு இரத்தத்தில் வெள்ளைக் கலங்கள் கூடுவதற்கென்று வயிற்றில் போடுகிற ஊசியும் இவற்றைச் சேர்த்தே கிளப்பிவிடும். அப்படியானால் கூடியதற்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

அப்படியென்றால் ஜூலிக்கு எது என்று கேட்டேன்.

“தெரியாது டீச்சர்,” என்றார் நுஸ்ஹா. “ஒரு ஆளுட கணக்க வச்சி ஒண்டும் சொல்ல ஏலாது. நெறையப் பேருட கணக்கு சேந்தாத்தான் ஏதும் விளங்கும். அதுவும் விளங்குமோ தெரியாது. தெரியாததாலதான் எடுக்குறோம்.”

எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் கோபம் வந்தது. தெரியாததற்கா இத்தனை குழாய் இரத்தம்? பிறகு யோசித்தால், தெரியாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரியில் அவர்தான்.

கூடியது நல்லது என்று நினைத்துத்தான் ஜூலி மருந்துக்குக் கை நீட்டினாள், உண்மை தெரிந்தால் விட்டுவிடுவாள், விட்டால் கட்டி சும்மா இருக்காது என்றேன்.

நுஸ்ஹா கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார்.

“அவங்க தப்பா விளங்கிக்கொண்டு கை நீட்டுறது எனக்குச் சரியில்ல டீச்சர். அவங்கட உடம்பு. அடுத்த மருந்துக்கு முந்தி சொல்லத்தான் வேணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

நான் சொல்கிறேன் என்றேன்.

5

இன்னும் சொல்லவில்லை.

சொல்ல வாய் திறந்த நாட்களை எழுதலாம் என்று பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கிறது. நான் தேத்தண்ணீரோடு பின்னறைக்குப் போவேன். ஜூலி கட்டிலில் இருந்து எழும்பி உட்காருவாள். முகத்தில் களை வந்திருக்கும். நான் தேத்தண்ணீரை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அவள் மாறிவிட்டாள் என்பதுதான் கஷ்டம். வாய்ப்புண்ணோடு சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு நடந்தே போனாள். நெற கூடியிருக்காம் என்று பக்கத்து வீட்டு ரத்தினம்மாவிடம் சொன்னாள். ரத்தினம்மாவும் தோட்டத்துக்காரிதான். அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள்.

அதோடு நிற்கவில்லை. இன்னும் கூட்ட வேண்டும் என்று முருங்கைக்கீரையும் ஈரலும் கேட்டாள். டிலானி வாங்கிவந்தாள். நான்தான் சமைத்தேன். எதைக் கூட்டுவதற்காகச் சமைக்கிறேன் என்று தெரிந்துகொண்டே அடுப்புக்கு முன்னால் நின்றேன். கீரையும் ஈரலும் அந்தக் கலங்களை ஒன்றும் செய்யாதென்று எனக்குத் தெரியும். ஆனாலும் உப்புப் பார்க்காமலே இறக்கிவைத்தேன்.

எழுதுகிறவளுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பாத்திரத்துக்குத் தெரியாததை வாசகருக்குச் சொல்லிவிட்டால் கதைக்கு விறுவிறுப்பு வரும் என்பார்கள். எனக்கு விறுவிறுப்பு வரவில்லை. களைப்புத்தான் வருகிறது. ஒரு பெண் தவறான காரணத்துக்காகச் சரியான காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறாள். காரணத்தைத் திருத்தினால் காரியம் நின்றுபோகலாம். திருத்தாவிட்டால் அவளுடைய உடம்பில் நடப்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் அவளுக்காகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். நானும் அந்த வரிசையில் போய் நிற்பதா?

(இந்தப் பத்தியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கட்டுரைமாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.)

6

முடிவுகள். விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம்.

(அ) யாரும் சொல்லவில்லை. ஜூலி எல்லா மருந்தையும் முடிக்கிறாள். கட்டி சுருங்குகிறது. வெட்டி எடுக்கிறார்கள். முடி முளைக்கிறது. டிலானிக்குக் கலியாணம்.

கலியாணம் வரை போனதும் பேனாவை வைத்துவிட்டேன். மேலும், நுஸ்ஹா சொல்லாமல் விடக்கூடியவரல்ல.

(ஆ) சொல்கிறேன். ஜூலி கேட்டுவிட்டு, சரி அண்ணி என்கிறாள். மருந்தை விட்டுவிடுகிறாள். அதன்பிறகு ஒரு நாள் காலையில், பின்னறைக்குத் தேத்தண்ணீரோடு

இல்லை. இதை நான் எழுதமாட்டேன். யாராவது எழுதினாலும் வாசிக்கமாட்டேன்.

(இ) சொல்கிறேன். ஜூலி சிரிக்கிறாள். எனக்கு அப்போதே தெரியும் அண்ணி, உங்களுக்காகத்தான் தெரியாத மாதிரி இருந்தேன் என்கிறாள்.

இது வாசகர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது, அதுதான் சந்தேகமாக இருக்கிறது. அவளுக்குத் தெரியாது. ஈரலை அவள் மென்ற விதத்தை நான் பார்த்தேன்.

7

இன்று மருந்து நாள். காலையில் நுஸ்ஹாவை வாசலிலேயே கண்டோம். ஜூலிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். சொல்லியாயிற்றா என்ற கேள்வி முகத்தில் இருந்தது. நான் கீழே பார்த்தேன். மருந்து மாட்டுவதற்கு முன்னால் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காத்திருக்கும்போது ஜூலி என் பையிலிருந்த தாள்களைக் கண்டுவிட்டாள். கண்டுவிட்டாள் என்பதுகூடச் சரியில்லை. இத்தனை நாளாக நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பத்தியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். முதல் மூன்று பகுதியும் கேட்டாள். அடைப்புக்குள் இருப்பவை அப்போது சொன்னவை. ஹலீம் ‘கூடியிருக்கு’ என்று சொன்ன இடம் வந்ததும், அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அந்த இடத்தில் அவள் எதையும் திருத்தவில்லை.

நான் நாலாம் பகுதிக்குப் போகாமல் தாளைப் புரட்டுவதுபோல நின்ற நேரத்தில் மிஸ்ஸி (நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து அவளைக் கூப்பிட்டார். என் நெஞ்சில் ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உள்ளே கட்டிலில் படுக்கவைத்து, வலது கையில் ஊசியைக் குத்தி, சேலைன் ஏற்றிவிட்டார்கள். சேலைன் கொஞ்சம் ஓடிய பிறகுதான் மருந்து வரும். நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். ஜூலி மற்றக் கையை நீட்டினாள்.

“மிச்சத்தையும் வாசிங்க.”

களைப்பாக இருக்கிறது, அப்புறம் வாசிக்கிறேன் என்றேன்.

“அப்ப இப்பிடித் தாங்க, நானே வாசிச்சுக்கிறேன். நீங்க கோவில்ல வாசிக்கிற மாதிரி இழுத்து இழுத்து வாசிக்கிறீங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “என்னைப் பத்தித்தானே எழுதியிருக்கு? எனக்குத் தெரியக்கூடாததா?”

நாலாம் பகுதியை உருவி எடுத்துவிட்டு ஐந்தைக் கொடுக்கலாம். ஐந்தின் முதல் வரியே ‘இன்னும் சொல்லவில்லை’ என்று இருக்கிறது. எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிடலாம். நுஸ்ஹா வருவார், நின்றுகொண்டே, நாசூக்காக, அவருடைய பாஷையில் சொல்வார். ஜூலி அவரிடமும் தலையாட்டுவாள், அன்றைக்கு ஆட்டியதுபோல. காதில் ஏறாது. என் எழுத்தில் இருந்தால் ஏறும். என் எழுத்துக்கு ஊரில் வேறு ஒரு பயனும் இல்லை.

முடிவை வாசகரிடம் விடுவது எழுதுகிறவர்கள் தப்பித்துக்கொள்கிற வழி என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல போலிருக்கிறது. இந்தக் கதையின் முடிவையும் வாசகரிடம்தான் விடுகிறேன். மன்னிக்க வேண்டும், உங்களிடம் அல்ல. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு வலிக்காது. இந்தக் கதைக்கு வாசகர் ஒருத்திதான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், உதடு அசைய, மெதுவாக வாசிக்கிறவள். அவளால் இடது கையை வெகுநேரம் தூக்கிப் பிடிக்க முடியாது. அதனால் தாளை என் இடது கையால் அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வலது கையால் மடியில் வைத்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது.

மிஸ்ஸி மருந்துப் பையோடு வந்து கட்டிலடியில் நிற்கிறார். நுஸ்ஹாவும் பின்னால் வருகிறார். ஜூலியின் கண் தாளிலிருந்து எழும்பவில்லை. ஊசி குத்திய கையைக் கொஞ்சம் உயர்த்துகிறாள்.

“பொட்டக் இன்ன மிஸ்ஸி,” என்று சிங்களத்தில் பொறுக்கச் சொல்கிறாள். “இத முடிச்சுக்கிறேன்.”

நாலாம் பகுதியில் பாதிக்கு வந்துவிட்டாள்.